"இன்னும் ரெண்டு இட்லி" என்று எழுத ஒருவர் காப்பிரைட் வாங்கிவிட முடியுமா? நோட்டீஸ் வந்திருக்கிறது

பெருந்துறைக்காரி எழுதியது:

வணக்கம். ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கீரை கிடைக்கும்போது முருங்கைக்கீரைப் பொடி. 2021 லாக்டவுனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆரம்பித்த வியாபாரம். இப்போது இன்ஸ்டாகிராம் ஆர்டர், ஈரோட்டில் சில மளிகைக் கடைகள், கோயம்புத்தூரில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் இட்லிப் பொடி பாக்கெட்டில் மேலே எங்கள் பெயர் பெரிதாக இருக்கும். கீழே ஒரு ஓரத்தில் "இன்னும் ரெண்டு இட்லி!" என்று சின்னதாகப் போட்டிருப்போம். என் மாமியார் சாப்பாடு போடும்போது சொல்வது. முதல் ஸ்டிக்கர் அடிக்கும்போது பிரஸ்காரர் "கீழே இடம் காலியாக இருக்கிறது, ஏதாவது எழுதலாமே" என்றார். இதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

போன வாரம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். முழுக்க ஆங்கிலம். வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு மசாலா கம்பெனி அனுப்பியது. அவர்களும் இட்லிப் பொடி பாக்கெட்டில் இதே வாசகத்தைப் போடுகிறார்களாம், அதற்குக் காப்பிரைட் வாங்கியிருக்கிறார்களாம். 7 நாளில் நாங்கள் அந்த வரியை எடுக்க வேண்டும், கடைகளில் இருக்கும் சரக்கைத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும், 2 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும், "இனிமேல் உபயோகிக்க மாட்டோம்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கூடவே ஒரு சர்ட்டிபிகேட்டின் ஜெராக்ஸும் இருக்கிறது.

இரண்டு கேள்வி. மூன்று சொல்லுக்கு, அதுவும் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லும் மூன்று சொல்லுக்கு, ஒருவர் சட்டப்படி சொந்தம் கொண்டாட முடியுமா? முடியும் என்றால் நானே முதலில் பதிவு செய்து அவர்களைத் தடுக்க முடியுமா? இன்னும் இரண்டு ரோல் ஸ்டிக்கர் மிச்சம் இருக்கிறது. கோயம்புத்தூர் ஸ்டோர் மேனேஜருக்கு அவர்களே போன் செய்து சொல்லிவிட்டார்கள், அவர் "பிரச்சினை முடியட்டும் மேடம்" என்று ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். இதுதான் அதிகம் உறுத்துகிறது.

அனுபவஸ்தன் எழுதியது:

கோர்ட், கேஸ் என்று போனால் பொடி விற்ற காசு வக்கீலுக்கே சரியாகப் போய்விடும். பேசாமல் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள் சகோதரி. "சுவையோ சுவை" என்று போடுங்கள், அதற்கு யாரும் வரமாட்டார்கள். 2 லட்சத்தை 20 ஆயிரமாகக் குறைத்துப் பேசி முடித்துவிடலாம். பெரிய கம்பெனியோடு மோதாதீர்கள்.

கிண்டி வக்கீல் எழுதியது:

பெருந்துறைக்காரிக்கு: பணமும் தர வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். ஆனால் நோட்டீஸைக் குப்பையிலும் போட வேண்டாம். பதில் அனுப்ப வேண்டும். நான் சென்னையில் டிரேட்மார்க் வேலை பார்க்கும் வக்கீல். கிண்டியில் ரெஜிஸ்ட்ரி வாசலிலேயே பாதி நாள் போய்விடும். நீங்கள் சொல்வது மாதிரி நோட்டீஸ் வாரத்துக்கு ஒன்றாவது யாராவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காப்பிரைட். இந்தியாவில் 1957-ம் வருடச் சட்டம் காப்பிரைட் தருவது இலக்கியம், நாடகம், இசை, ஓவியம், சினிமா, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு. அதற்குள் வர ஒரு "படைப்பு" இருக்க வேண்டும். ஒரு சொல்லோ, ஒரு தலைப்போ, ஒரு விளம்பர வரியோ படைப்பு ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. "தேசி பாய்ஸ்" என்ற இந்திப் படத் தலைப்பு என் கதையின் தலைப்பு என்று ஒருவர் கிரிமினல் புகாரே கொடுத்தார். 2015-ல் உச்ச நீதிமன்றம், தலைப்புக்குக் காப்பிரைட் கிடையாது என்று அதை ரத்து செய்தது. அதற்கு முன்னால் 2003-ல் "ஏ தில் மாங்கே மோர்" என்ற வரிக்காக பெப்சி, கோகோ கோலா மேல் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் விளம்பர வாசகங்கள் காப்பிரைட் சட்டத்தின் கீழ் வராது என்றுதான் பார்த்தது. இந்தியா முழுக்க டிவியில் ஓடிய வரிக்கே இந்தக் கதி. உங்கள் மாமியார் வரிக்கு வேறு எப்படி இருக்கும்?

அப்படியானால் அந்த சர்ட்டிபிகேட் என்ன? ஜெராக்ஸை எடுத்து ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைப் பாருங்கள். A என்று ஆரம்பித்தால் அது ஓவிய வகை. அதாவது பாக்கெட் லேபிளின் படம், கலர், எழுத்து அமைத்த விதம் எல்லாம் சேர்ந்த அந்த வடிவத்துக்குத்தான் பதிவு. அதில் எழுதியிருக்கும் சொற்களுக்கு இல்லை. L என்று ஆரம்பித்தால் இலக்கிய வகை. அப்படி இருந்தாலும் மூன்று சொல்லை அது காப்பாற்றாது. நம்பரே இல்லாமல் "டைரி நம்பர்" மட்டும் இருந்தால் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அதையே கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டிரேட்மார்க். கவனிக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இங்கே ஒற்றைச் சொல்லுக்கும் பாதுகாப்பு உண்டு. 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டம் சொல், பெயர், எழுத்து, எண் எல்லாவற்றையும் குறியாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு நிபந்தனை: அந்தச் சொல்லைப் பார்த்ததும் "இது இன்னார் சரக்கு" என்று வாங்குபவருக்குத் தோன்ற வேண்டும். சரக்கு என்ன, எப்படி இருக்கும், எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லும் சொல்லைத் தரமாட்டார்கள். 9-வது பிரிவு. பொடிக்கு "காரம்", காபிக்கு "மணம்" என்று கேட்டால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் ஆட்சேபம் எழுதி அனுப்பிவிடுவார். தமிழில் எழுதினால் அவருக்குப் புரியாது, தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ் எழுத்தில் விண்ணப்பித்தால் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்தே தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த நூடுல்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஐடிசி 2010-ல் யிப்பீ நூடுல்ஸைக் கொண்டுவந்து அதில் ஒரு வகைக்கு "மேஜிக் மசாலா" என்று பெயர் வைத்தது. 2013-ல் நெஸ்லே மேகியில் "மேஜிக்கல் மசாலா" கொண்டுவந்தது. ஐடிசி வழக்குப் போட்டது. 2020-ல் தீர்ப்பு: மசாலாவோ எல்லாரும் உபயோகிப்பது, மேஜிக் என்பது சரக்கைப் புகழும் சொல், இரண்டையும் சேர்த்து ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. வழக்கு தள்ளுபடி. இரண்டு பக்கமும் எவ்வளவு பெரிய வக்கீல் படை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. இருட்டு, கடை, அல்வா என்று மூன்றும் அகராதிச் சொல். ஆனால் நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் அது ஒரே ஒரு கடைதான். 1900 முதல் நடப்பதாக அந்தக் கடைக்காரர்கள் தரப்பு சொன்னது. வேறொருவர் முன்னால் "திருநெல்வேலி" என்று சேர்த்து அதே பெயரில் விற்க ஆரம்பித்தார், அவரிடமும் டிரேட்மார்க் பதிவு இருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம், பதிவைவிட முதலில் உபயோகித்தவரின் உரிமைதான் பெரியது என்று சொல்லி அவர் அப்பீலைத் தள்ளியது. காப்பிரைட் பார்வையில் "இருட்டுக்கடை" ஒன்றுமே இல்லை. டிரேட்மார்க் பார்வையில் அதை அசைக்க முடியாது. அதே சொல்தான், ஆனால் எந்தச் சட்டத்தின் வழியாகப் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

ஆகவே உங்களை மிரட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியது இது. இந்த வாசகத்தை எந்த கிளாஸில் (சரக்கு வகைக்குத் தரும் எண்), எந்தத் தேதியிலிருந்து, எப்படி உபயோகிக்கிறீர்கள்? டிரேட்மார்க் பதிவு இருக்கிறதா? இருந்தால் அது வெறும் சொல்லுக்கா, படத்தோடு சேர்ந்த லேபிளுக்கா? லேபிளாகப் பதிந்திருந்தால் உரிமை முழு லேபிளுக்குத்தான், அதில் ஒரு மூலையில் இருக்கும் மூன்று சொல்லைத் தனியாக உருவி எடுத்துச் சொந்தம் கொண்டாட 17-வது பிரிவு விடாது.

நீங்களே பாருங்கள்: ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தில் டிரேட்மார்க் பப்ளிக் சர்ச் இலவசம். வேர்ட்மார்க் என்பதைத் தேர்ந்தெடுத்து கிளாஸ் 30 போட்டு (மசாலா, பொடி எல்லாம் 30) அந்த வாசகத்தையும் அந்தக் கம்பெனி பெயரையும் தேடுங்கள். "ரெண்டு", "இரண்டு" என்று இரண்டையும் ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். என்ன ஸ்டேட்டஸ் என்று இங்கே வந்து சொல்லுங்கள். விண்ணப்ப நம்பரைப் போட வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம்.

செக்கு எண்ணெய் கரூர் எழுதியது:

எங்களுக்கும் இப்படி ஒன்று வந்தது. நாங்கள் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். "மரச்செக்கு" என்பது எங்கள் டிரேட்மார்க், யாரும் போடக்கூடாது என்று ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாச் செக்குக்காரர்களுக்கும் அனுப்பினார். பயந்துபோய் நாலைந்து பேர் போர்டை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆடிட்டர் தேடிப் பார்த்தார், அவர் பதிந்திருந்தது மாடு கட்டிய செக்குப் படத்தோடு அவர் குடும்பப் பெயரும் சேர்ந்த ஒரு லோகோ. "மரச்செக்கு" என்ற சொல் தனியாக எங்கேயும் இல்லை. எண்ணெய்க்கு அந்தச் சொல் இல்லாமல் வேறு என்னத்தைப் போட்டு விற்பது?

ஒரு சந்தேகம் வக்கீல் மேடம். எங்கள் கடைப் பெயரே குலதெய்வம் பெயர்தான். பக்கத்துத் தாலுகாவிலும் அதே அம்மன் பெயரில் ஒரு அரிசி மில் இருக்கிறது. அவர் எங்களைத் தடுக்க முடியுமா, நாங்கள் அவரைத் தடுக்க முடியுமா?

கிண்டி வக்கீல் எழுதியது:

கரூர்க்காரருக்கு: இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தடுப்பது கஷ்டம், அது இரண்டு பேருக்கும் நல்லதுதான். சாமி பெயர், புனித நூல் பெயர் எல்லாம் தனியாளின் சொத்தாக ஆகாது. "ராமாயண்" என்ற பெயரை ஊதுவத்திக்குப் பதிவு கேட்ட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது; கூட வேறு சொல் சேர்ந்து தனி அடையாளம் வந்தால் பார்க்கலாம் என்றது. அம்மன் பெயரோடு உங்கள் ஊர், தாத்தா பெயர், ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.

சரக்கு வேறு என்பதும் கணக்கில் வரும். கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் "நந்தினி" என்று பால் விற்கிறது. பெங்களூரில் "நந்தினி டீலக்ஸ்" ஓட்டல் 1989 முதல் இருக்கிறது. ஓட்டல்காரர்கள் பதிவு கேட்டபோது பால்காரர்கள் எதிர்த்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஓட்டல் பக்கம் நின்றது. நந்தினி என்பது பசுவின் பெயர், தெய்வப் பெயர். ஒருவர் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை, சரக்கும் வேறு, எழுதிய விதமும் வேறு.

உதவி இயக்குநர் எழுதியது:

சினிமாவில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. "டைட்டில் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு" என்று எங்கள் ஆட்கள் சொல்வது தயாரிப்பாளர் சங்கத்தில் பதிவதைத்தான். அது சங்கத்துக்குள் உள்ள ஒழுங்கு. அதைக் காட்டி சங்கத்தில் சண்டை போடலாம், கோர்ட்டில் காப்பிரைட் என்று சொல்ல முடியாது. மேலே வக்கீல் சொன்ன தேசி பாய்ஸ் தீர்ப்பு வந்த பிறகு எங்கள் கதை விவாதத்தில் தலைப்பு திருடு போச்சு என்று அழுவது குறைந்திருக்கிறது, கதை திருடு போச்சு என்று அழுவது குறையவில்லை :)

ஆனால் ஒருத்தர் பெயர் என்று வந்தால் கதை வேறு. 2014-ல் "மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்" என்ற இந்திப் படத்தை எதிர்த்து ரஜினி சென்னை உயர் நீதிமன்றம் போனார், அவர் பெயரை உபயோகிக்கத் தடை வந்தது. அது காப்பிரைட்டும் இல்லை, டிரேட்மார்க்கும் இல்லை. ஊருக்கே தெரிந்த ஒரு மனிதரின் ஆளுமை மேல் அவருக்குள்ள உரிமை.

ஹைக்கூ ரசிகன் எழுதியது:

வக்கீல் சொல்வதில் எனக்கு ஒரு நெருடல். சொல் எண்ணிக்கை குறைவு என்பதாலேயே படைப்பு இல்லை என்று ஆகிவிடுமா? குறள் ஒன்றில் ஏழு சீர்தான். ஆத்திசூடியில் "ஈவது விலக்கேல்" என்று இரண்டே சொல். வள்ளுவருக்கும் ஔவைக்கும் இன்றைக்கு யாரும் ராயல்டி கொடுக்க வேண்டாம், சரி. ஆனால் இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் எட்டுச் சொல்லில் ஒரு ஹைக்கூ எழுதுகிறார். அதை ஒரு கம்பெனி அப்படியே எடுத்து டீ ஷர்ட்டில் அடித்து விற்கிறது. "குறுஞ்சொற்றொடர், பாதுகாப்பில்லை" என்று சொல்லிவிடுவீர்களா? என் நண்பர் ஒருவருக்கு நடந்தது, கற்பனை இல்லை. பெயர்கூடப் போடவில்லை அவர்கள்.

கிண்டி வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. சட்டத்தில் "இத்தனை சொல்லுக்கு மேல் காப்பிரைட்" என்று எண் எங்கேயும் இல்லை. கேட்பது எண்ணிக்கையை அல்ல, எழுதியவரின் சொந்தப் புத்தி அதில் தெரிகிறதா, அது தன்னளவில் முழுமையான ஒன்றா என்பதை.

ஒற்றைச் சொல் என்றால் பதில் தெளிவு. இங்கிலாந்தில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி தன் பெயருக்குக் காப்பிரைட் கேட்டது. அகராதியில் இல்லாத சொல், பெரும் ஆராய்ச்சி செய்து உண்டாக்கிய சொல். ஆனாலும் அது இலக்கியப் படைப்பு ஆகாது, அது எதையும் சொல்வதில்லை, எதையும் விளக்குவதில்லை, படிப்பவருக்கு எந்த ரசனையும் தருவதில்லை என்று 1981-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. டிரேட்மார்க்காக அதே சொல் மலை மாதிரி நின்றது. நம் நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன.

மறுபக்கம் 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இன்ஃபோபாக் வழக்கு. டென்மார்க்கில் பத்திரிகைச் செய்திகளை ஸ்கேன் செய்து பதினொரு சொல் துண்டுகளாகச் சந்தாதாரர்களுக்குத் தந்த கம்பெனி. தனிச் சொற்களுக்குப் பாதுகாப்பில்லை, ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கோத்த விதத்தில் எழுத்தாளரின் சொந்தச் சிந்தனை இருந்தால் பதினொரு சொல்லுக்கும் பாதுகாப்பு கிடைக்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் நண்பருக்காக நான் வாதாடினால் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். ஹைக்கூ ஒரு முழுக் கவிதை. எட்டுச் சொல் என்றாலும் ஆரம்பம், திருப்பம், முடிவு எல்லாம் உள்ளே இருக்கிறது. முழுதாக எடுத்து அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பெயர் போடாததும் தனிக் குற்றச்சாட்டு, 57-வது பிரிவு எழுத்தாளரின் பெயருக்குள்ள உரிமையைக் காப்பாற்றுகிறது. முதலில் எங்கே, எப்போது வெளியானது என்ற ஆதாரத்தோடு வரச் சொல்லுங்கள். பத்திரிகைப் பிரதி இருந்தால் ரொம்ப நல்லது, ஃபேஸ்புக் பதிவு என்றால் தேதி தெரிகிற மாதிரி எடுத்து வைக்கட்டும்.

"இன்னும் ரெண்டு இட்லி"யை யாரும் எழுதவில்லை, அதுதான் வித்தியாசம். அது பேச்சு.

பெருந்துறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் அக்கா, தேடிப் பார்த்தேன். நேற்று ராத்திரி குழந்தைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து, கேப்ட்சா தப்பாகப் போட்டுப் போட்டு, ஒருவழியாகக் கிடைத்தது.

சர்ட்டிபிகேட் நம்பர் A என்றுதான் ஆரம்பிக்கிறது. இட்லிக் குண்டானிலிருந்து ஆவி வர ஒரு அம்மா சிரிக்கிற படம். எங்கள் லேபிளில் வாழையிலை மேல் இட்லியும் பொடிக்கு நடுவில் எண்ணெய்க் குழியும்தான், ஆளே கிடையாது.

டிரேட்மார்க்கில் அவர்கள் பெயரில் கிளாஸ் 30-ல் இரண்டு இருக்கிறது. ஒன்று அவர்கள் பிராண்ட் பெயர், டிவைஸ் (படத்தோடு சேர்ந்த குறி) என்று போட்டு ரெஜிஸ்டர்டு. இன்னொன்று நம் வாசகம், வேர்ட் என்று போட்டிருக்கிறது, ஸ்டேட்டஸ் ஆப்ஜெக்டட். யூசர் தேதி (உபயோகிக்க ஆரம்பித்த தேதி) என்ற இடத்தில் "ப்ரொபோஸ்டு டு பி யூஸ்டு" என்று இருக்கிறது. விண்ணப்பித்த தேதி 2023. எங்கள் முதல் ஸ்டிக்கர் பில் 2021 ஆகஸ்ட். இதற்கு என்ன அர்த்தம்? சிரிப்பதா, பயப்படுவதா?

கிண்டி வக்கீல் எழுதியது:

கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

"ப்ரொபோஸ்டு டு பி யூஸ்டு" என்றால் 2023-ல் விண்ணப்பம் போடும் நாளில் இந்த வாசகத்தை இன்னும் உபயோகிக்கவில்லை, இனிமேல்தான் உபயோகிக்கப் போகிறோம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். நீங்கள் 2021 முதல் உபயோகிக்கிறீர்கள். ஆப்ஜெக்டட் என்றால் எக்ஸாமினர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் "வியூ எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்" என்று பட்டன் இருக்கும், திறந்து பாருங்கள், 9-வது பிரிவு என்று இருந்தால் நான் மேலே சொன்ன காரணமேதான். பதிவே ஆகாத ஒன்றை வைத்து டிரேட்மார்க் மீறல் வழக்குப் போட முடியாது. அதனால்தான் நோட்டீஸில் டிரேட்மார்க்கைப் பற்றி மூச்சு விடாமல் காப்பிரைட்டை நீட்டியிருக்கிறார்கள்.

பதிவு இல்லாமலும் "பாஸிங் ஆஃப்" என்று ஒரு வழக்குப் போடலாம், தன் சரக்கு என்று ஏமாற்றி விற்கிறார்கள் என்பது. அதற்கு அவர்கள் பெயர் மக்கள் மனதில் இந்த வாசகத்தோடு ஒட்டியிருக்கிறது என்று காட்ட வேண்டும், அதுவும் உங்களுக்கு முன்னாலேயே. இரண்டு வருடம் பிந்தி வந்தவர்கள் அதை எப்படிக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. பிரஸ் பில், அந்த ஸ்டிக்கரின் ஒரு மாதிரி, தேதியோடு இன்ஸ்டாகிராம் பதிவுகள், கடைகளுக்குக் கொடுத்த டெலிவரி சலான், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு வியாபாரப் பதிவு, பழைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு ஃபைலில் போடுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவை எடிட் செய்யாதீர்கள், நீக்காதீர்கள். ஈரோட்டிலேயே ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். இரண்டு பக்கம் போதும்: வாசகத்துக்குக் காப்பிரைட் இல்லை, லேபிள் படம் வேறு, நாங்கள் முன்னால் இருந்தே உபயோகிக்கிறோம், கடைக்காரர்களிடம் போன் செய்து மிரட்டுவதை நிறுத்துங்கள். கடைசியில் காப்பிரைட் சட்டம் 60-வது பிரிவையும் டிரேட்மார்க் சட்டம் 142-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவர் கோர்ட்டுக்குப் போய் அந்த மிரட்டலையே தடுத்து நஷ்ட ஈடும் கேட்கலாம் என்பவை அவை. அதைப் படித்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் பொதுவாக இறங்கிவிடும். பதிலின் ஒரு பிரதியை கோயம்புத்தூர் ஸ்டோர் மேனேஜருக்கும் கொடுங்கள். அவருக்கு வேண்டியது சட்டம் இல்லை, காட்ட ஒரு காகிதம்.

அனுபவஸ்தன் ஐயா சொன்னதையும் முழுக்கத் தள்ளவில்லை. ஸ்டிக்கரில் ஒரு வரியை மாற்றுவது வழக்கு நடத்துவதைவிட மலிவுதான், பல பேருக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தானாக மாற்றுவது வேறு, "இது உங்கள் சொத்து, நான் தப்பு செய்தேன்" என்று எழுதிக் கொடுத்து மாற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் அந்தக் காகிதத்தைக் காட்டி அடுத்த ஊரில் இன்னொரு பொடிக்காரம்மாவை மிரட்டுவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இது உங்களுக்குப் பிடிக்காது. நீங்களும் அந்த வாசகத்தைப் பதியப் போக வேண்டாம். அவர்களுக்கு எழுதிய அதே ஆட்சேபத்தை எக்ஸாமினர் உங்களுக்கும் எழுதுவார். அப்புறம் நீங்கள் அதை ஓரத்தில் சின்னதாகத்தான் போடுகிறீர்கள், உங்கள் சரக்கை யாரும் அதை வைத்துக் கேட்பதில்லை. பணத்தை உங்கள் பிராண்ட் பெயரில் போடுங்கள். அது பதிவாகியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவே இல்லை. தனிநபர் என்றால் ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், பெரிய கம்பெனி என்றால் 9,000. ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வரும், நான்கு மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்தே ™ போடலாம், அதற்கு முன்னாலும் போடலாம். ® மட்டும் சர்ட்டிபிகேட் வருவதற்கு முன் போடவே கூடாது.

அனுபவஸ்தன் எழுதியது:

தானாக மாற்றுவதற்கும் எழுதிக்கொடுத்து மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் சரியான பாயிண்ட். ஆனாலும் சகோதரி, பதில் போட்ட பிறகு அவர்கள் நிஜமாகவே வழக்குப் போட்டால் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் யார் அலைவது? அதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டி வக்கீல் எழுதியது:

நியாயமான பயம். அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்குப் போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது, அலைச்சல் வரலாம். ஆனால் பதிவாகாத ஒரு வாசகத்தோடு, 2023 என்று தாங்களே எழுதிய தேதியோடு கோர்ட் கட்டணம் கட்டப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தால் இந்த இழையைத் திறந்து சொல்லுங்கள், அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெருந்துறைக்காரி எழுதியது:

எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்ன 9-வது பிரிவுதான், 9(1)(b) என்று இருக்கிறது. ஈரோடு கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டேன், திங்கட்கிழமை பதில் போகிறது. மேனேஜருக்கு ஜெராக்ஸ் கொடுக்கப் போகிறேன். மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னதுக்கு அவனுக்கு எதுக்கு ரெண்டு லட்சம்? எனக்குக் குடு" என்கிறார்.

பிராண்ட் பெயர் இதுவரை பதியவில்லை. இதோடு பதிந்துவிடலாம் என்று இருக்கிறேன். தையில் மாங்காய்த் தொக்கும் எலுமிச்சை ஊறுகாயும் ஆரம்பிக்கிற யோசனை உண்டு. பொடிக்குப் போடும் அதே விண்ணப்பத்தில் அதுவும் வந்துவிடுமா?

கிண்டி வக்கீல் எழுதியது:

வராது. ஊறுகாய் கிளாஸ் 29. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கிளாஸையும் சேர்த்துப் போடலாம், ஆனால் கட்டணம் தனித்தனி, ஆக 9,000. பெயரை முதலில் 29-லும் 30-லும் தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். லோகோவாக இல்லாமல் வெறும் சொல்லாகவே விண்ணப்பியுங்கள். லோகோவை நீங்கள் நாளைக்கே மாற்றுவீர்கள். பொடிக்கு யூசர் தேதியாக அந்த ஆகஸ்ட் 2021 பில்லின் தேதியைப் போட்டு, கூடவே அஃபிடவிட்டும் பில்லும் இணைக்க வேண்டும். ஊறுகாய்க்கு "ப்ரொபோஸ்டு" என்றே போடுங்கள், இன்னும் விற்கவில்லையே.